வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

மங்கலத்திலும் அதைச் சுற்றி இடுவாய், பூமலூர், சாமளாபுரம் பக்கங்களிலும் ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதனால் ஒரு சதவீதக் கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

2019-இல் பிளஸ் டூ தேர்ச்சியில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்தது நம் திருப்பூர் மாவட்டம். 95.37 சதவீதம். அதே ஆண்டு பத்தாம் வகுப்பிலும் முதலிடம் நமக்குத்தான், 98.53. அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் மறுபடியும் முதல், 97.12. 2024-இல் இன்னொரு முறை, 97.45. பனியன் ஊர், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிற ஊர் என்று ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் நம்மைச் சொன்னதுண்டு. அதே ஊர்ப் பிள்ளைகள்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள். அந்த முடிவுகள் வந்த நாட்களில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

இருந்தாலும் இந்த எண் எதைச் சொல்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேர்ச்சி சதவீதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும் ஒன்று, முப்பத்தைந்து வாங்கிக் கரையேறிய பிள்ளையும் ஒன்று. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் எந்த மாவட்டத்திலும் தேறிவிடுவார்கள். தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றேழு ஆக்குவது கடைசி பெஞ்சு. காய்ச்சலோடு வந்து எழுதியவன், இடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள், கணக்குத் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி வரை தறிக்குடோனில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றவன், இவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த முதலிடம் இது. மாநிலத்தில் முதல் மார்க் எடுத்தவர் யார் என்று அறிவிப்பதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. அதை நான் மனதார வரவேற்றேன். ஒரு பிள்ளைக்கு மாலை போட்டு மற்ற பிள்ளைகளைக் கைதட்ட வைக்கிற அந்த வழக்கம் போனதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி அதே எண்ணின் இன்னொரு பக்கம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சின்ன வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். தேர்ச்சி சதவீதத்தில் தொகுதி என்பது தேறியவர்கள்; பகுதி என்பது தேர்வு எழுதியவர்கள். ஒன்பதாம் வகுப்பு காலாண்டு லீவுக்குப் பிறகு வராமலே போனவன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவன் போனதால் சதவீதம் ஒரு புள்ளிகூடக் குறையாது. அவன் தோற்றதாகவும் எங்கும் வராது. தோற்றவனுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. மார்ச்சில் விட்ட பாடத்தைச் சில மாதத்திலேயே எழுதித் தேறி, அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேர்ந்துகொள்ளலாம். எழுதாமலே போனவனுக்கு அப்படி யாரும் தேதி குறிப்பதில்லை.

உங்களிடம் நான் பெரிய மார்க் கேட்கவில்லை. அந்தப் பின்னத்தின் பகுதியில் இருங்கள் என்று கேட்கிறேன். நம் ஊரில் அதுவே எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

பஞ்சத்தில் அடிபட்ட ஊர்களில் பள்ளியை விட்ட பையனுக்கு வேலை கிடைப்பதே பாடு. இங்கே நிலவரம் தலைகீழ். கம்பெனி கேட்டுக்குக் கேட்டு 'டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்குகிறது. டெய்லர் பக்கத்தில் நின்று வெட்டிய துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து வந்ததை மடித்து வாங்குகிற கைமடி வேலைக்கு ஒரு படிப்பும் வேண்டாம். செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு வெட்ட ஒரு நாள் பழகினால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்துவிடும். பதினைந்து வயதுப் பையனின் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நாலைந்து வந்து உட்கார்ந்தால், அவனுக்குப் பித்தகோரஸ் தேற்றத்தின் மேல் என்ன பிடிப்பு இருக்கும்?

உங்கள் அப்பா, பெரியப்பா, மாமன்மாரைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பத்து, பன்னிரண்டு வயதில் கைமடியாகப் போனவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. நம் தெருவுக்கு வந்து சேர அது நாளெடுத்துக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கம்பெனிக்குள் வந்து வயதுச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலை எதற்கும் வைக்கக் கூடாது. பதினெட்டு வரை ஆபத்தான வேலையில் நிறுத்தக் கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பெற்றோருக்கு ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே நாலு தறி ஓடுகிற நம் ஊரில் அந்த விலக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உங்களுக்கே வெளிச்சம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவதற்கும் ஜூனில் பள்ளி திறப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை இரண்டு மாதம்தான் இங்கே பிள்ளைகள் வழுக்குகிற இடம். "சும்மாதானே இருக்கேன், லீவு வேலைக்குப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். புது நோட்டுக்கும் செருப்புக்கும் தங்கச்சியின் ஃபீஸுக்கும் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் ஜூனில் திரும்பி வராதவர்கள் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய் விசாரித்ததில், திரும்பத் திரும்ப ஒரே காரணம் அகப்பட்டது. முதல் மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் போட்டு செல்போன் வாங்கியிருப்பான். வயது பத்தாததால் தவணை அண்ணன் பேரிலோ சித்தப்பா பேரிலோ இருக்கும். லீவு மே மாதத்தோடு முடிந்துவிடும். தவணை அடுத்த மார்ச் வரை ஓடும். இரண்டு மாதம் மட்டும் போகிறேன் என்றவனைப் பத்து மாதம் அங்கேயே நிறுத்தி வைப்பது அந்தத் தவணைதான். அதற்குள் கூட்டாளிகள் பிளஸ் டூ போய்விடுவார்கள். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவான்.

அதனால் லீவு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். சம்பாதி, அம்மா கையில் கொடு, வேண்டுமானால் ஒரு நல்ல சட்டை எடுத்துக்கொள். எந்தத் தவணையிலும் மாட்டிக்கொள்ளாதே. முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முன்பணம் வாங்காதே. உன் பேரைச் சொல்லி வீட்டில் யாராவது தறிக்காரரிடம் முன்பணம் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், வகுப்பாசிரியரிடம் அன்றைக்கே வந்து சொல். வாங்கிய பிறகு சொன்னால் எங்களால் பேச முடிவது பாதிதான்.

தையல் வேலையையோ தறி வேலையையோ குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் இது; அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் உங்கள் வீட்டார் கை பட்டிருக்கிறது. நான் பார்த்தது வேறு. ஒரே டேபிளில் சேர்ந்த இரண்டு பேரில், ஆர்டர் ஷீட்டைத் தானாகப் படித்து அளவு புரிந்துகொள்கிறவர் சில வருஷத்தில் லைன் சூப்பர்வைசராகவோ, கியூசியாகவோ, பேட்டர்ன் மாஸ்டராகவோ மாறுகிறார். படிக்கத் தெரியாதவர் கையில் எவ்வளவு வித்தை இருந்தாலும் நாற்பது வயதில் முதுகு வலியோடும் மங்கின கண்ணோடும் அதே மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். இதை உங்களுக்கு வாத்தியார் சொல்லத் தேவையில்லை. உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

படிப்பு வேறு, கம்பெனி வேறு என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. வகுப்பறையில் நான் கண்ட நல்ல நாட்களில் ஒன்றை இங்கே சொல்கிறேன். வட்டத்தின் பரப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் வட்டம் போட்டு ஆரம் ஏழு, ஆரம் பதினான்கு என்று எல்லா வாத்தியார்களும் கொடுக்கிற கணக்கையே கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். அப்பா துணி செக்கிங்கில் இருந்தவர். அவன் பையிலிருந்து தட்டு மாதிரி வட்டமாக வெட்டின பனியன் துணித் துண்டு ஒன்றை எடுத்து, "சார், இதோட பரப்பு நூறுன்னு எங்கப்பா சொன்னாருங்க. எப்படிங்க எல்லாத் துண்டும் நூறே வரும்?" என்றான்.

ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டின துண்டு அது. துணியின் கனம் பார்க்கக் கம்பெனிகளில் வைத்திருக்கும் வட்டக் கத்தி. அட்டை மேல் துணியை விரித்து, கட்டரை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் துண்டு வட்டமாக விழும். விட்டம் சுமார் 11.28 சென்டிமீட்டர். அப்படியானால் ஆரம் 5.64. வர்க்கம் போட்டால் ஏறக்குறைய 31.81. அதை 22/7-ஆல் பெருக்கினால் 99.97. "நூறு சார்!" என்று வகுப்பே கத்தியது. ஒரு சதுர மீட்டர் என்பது பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். ஆகையால் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிடைத்துவிடும். துண்டு 1.8 கிராம் இருந்தால் அது 180 ஜிஎஸ்எம் துணி. கட்டரைச் செய்தவன் ஏன் விட்டத்தை 11 என்றோ 12 என்றோ முழு எண்ணாக வைக்காமல் 11.28 வைத்தான் என்பது அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தானாகப் புரிந்துபோனது. அதுவரை இரட்டை இலக்க மார்க்கே அபூர்வமாக வாங்கின அந்தப் பையன், அதற்குப் பிறகு கணக்குப் பீரியடில் தூங்கியதில்லை. பத்தாம் வகுப்பில் தேறினான், பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தான், இன்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். அவன் மார்க் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் அதில் சாதனை எதுவும் கண்ணில் படாது. என் கணக்கில் எங்கள் பள்ளியின் பெரிய சாதனைகளில் அவனும் ஒருவன்.

இப்படி எத்தனையோ இருக்கிறது. முப்பதாம் நம்பர் நூல், நாற்பதாம் நம்பர் நூல் என்று வீட்டில் பேசுகிறார்களே, அது என்ன நம்பர்? 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். முப்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 25,200 கஜம், அதாவது சுமார் இருபத்து மூன்று கிலோமீட்டர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. எதிர்விகிதத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே பாதி தெரியும். மீதிப் பாதியைப் பள்ளிக்கு வந்து தெரிந்துகொண்டால் போதும்.

வேதியியலும் அப்படித்தான். மங்கலத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற நொய்யல் ஒரு காலத்தில் சாயப்பட்டறைத் தண்ணீரால் நாளுக்கொரு நிறமாக ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பல குடும்பங்கள் அந்த மாதங்களில் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிறத்தைவிடத் தீராத தலைவலி உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகும், உப்பு தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை லேசில் எடுக்க முடியாது. அதற்காகத்தான் சவ்வு வழியாக நீரை அழுத்திப் பிரித்து, மிஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது இன்றைய விதி. கரைசல், சவ்வூடு பரவல், ஆவியாதல் என்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் வருகிற பாடங்கள்தான் இவை. நம் ஊர் ஆறும் நம் ஊர்ச் சோறும் இந்தப் பாடத்தில் இருக்கின்றன. இதை இன்னும் நன்றாக, இன்னும் மலிவாகச் செய்கிற வழியை உங்களில் ஒருவர் கண்டுபிடித்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்கு முதலில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தறிக்குடோன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. காலைப் பிரேயரில் வரிசையாக நிற்கும்போதே யார் வீட்டில் தறி என்று சொல்லிவிடலாம். புருவத்திலும் காதோரத்து முடியிலும் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும். எழுந்ததும் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, அறுந்த பாவு இழைக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, தலையைத் தட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருப்பார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மெதுவாகப் பேசவும் வராது. வகுப்பில் ரகசியம் பேசினால்கூட ஹெட்மாஸ்டர் ரூம் வரை கேட்கும். அப்படி ஒரு பெண் இருந்தாள். வீட்டில் தனியாகப் படிக்க இடமில்லை. நாலு தறி ஓடுகிற கொட்டகைக்குள் தார் சுற்றிக்கொண்டே பாடத்தை முழுத் தொண்டையில் கத்திக் கத்திப் படிப்பாள். "அங்கதான் சார் யாருக்கும் தொந்தரவில்ல. நான் கத்தறது எனக்கே கேக்காது" என்பாள். வட்டார அளவில் பேச்சுப் போட்டி வந்தபோது மைக் பழுதாகிவிட்டது. மற்ற பள்ளிப் பிள்ளைகள் திணறினார்கள். இவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். மைதானத்துக் கடைசியில் நின்ற வேன் டிரைவர் வரை திரும்பிப் பார்த்தார். முதல் பரிசு அவளுக்குத்தான். கூலி உயர்வு கேட்டு 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது, வீட்டில் வருமானமில்லாத அந்த நாட்களில்தான் அவள் அக்காவின் படிப்பு நின்றது. இவள் படிப்பு நிற்காததற்கு, எட்டாம் வகுப்பில் அவள் எழுதித் தேறிய என்.எம்.எம்.எஸ். தேர்வின் உதவித்தொகையும் ஒரு காரணம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் ஆயிரம் ரூபாய், நாலு வருஷத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். எட்டாவது படிக்கிற தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் இந்தத் தேர்வைப் பற்றி இன்றைக்கே சொல்லுங்கள்.

அம்மிணிகளுக்குத் தனியாக ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இலிருந்தே இருக்கிறது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அடுத்த ஆண்டு வந்தது. திருப்பூரிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் சிக்கண்ணா அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. பனியன் தொழிலையே படிப்பாகப் படிக்க முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. காலேஜுக்கு எங்கே போவது, காசுக்கு எங்கே போவது என்று வீட்டில் கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவது வேறு, விவரத்தோடு பேசுவது வேறு. "படிக்கட்டுங்க, வருஷத்துக்குப் பன்னெண்டாயிரம் வருதாமுங்க" என்று ஒரு பாட்டியே மருமகனிடம் வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் மூன்று வருஷம் தள்ளிப் போனது.

உங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எல்லாரையும் 'இந்திக்காரப் பிள்ளை' என்று கூப்பிடாதீர்கள். ஒடிசாப் பிள்ளை பேசுவது ஒடியா. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாமல் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒடியாப் பெண் ஒருத்தி, பஸ் போர்டையும் கம்பெனிச் சுவரில் எழுதியிருப்பதையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் பலரைவிடத் தமிழில் கூடுதலாக வாங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் அம்மாவுக்கு மட்டுமல்லாமல், அந்த லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை அம்மாக்களுக்கும் அவள்தான் நர்சம்மாவிடம் பேசுவாள். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து உங்கள் தாத்தாக்கள் பிழைக்க வந்த அதே வழியில்தான் அவள் அப்பாவும் வந்திருக்கிறார். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால் போய் உட்காருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது கொரோனா காலம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, நடுவில் கொஞ்ச நாள் திறந்து மூடி, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை 2021 செப்டம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. ஆண்பிள்ளைகளில் நிறையப் பேர் அதற்குள் கம்பெனியில் ஊறிப்போயிருந்தார்கள். கைமடியாகப் போனவன் சிங்கர் மிஷின் பழகி, அம்மாவைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். ஆசிரியர்கள் நாங்கள் குழுக் குழுவாகக் கிளம்பி வீடு வீடாகப் போனோம். எதிர்காலம், சர்டிபிகேட், அரசு வேலை என்று எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். தலையாட்டிக் கேட்டார்கள், வரவில்லை. அப்படித் தலையாட்டின ஒருவன் ரெண்டு வாரம் கழித்துத் திடீரென்று யூனிபார்மோடு வந்து நின்றான். பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது, மீசை முளைத்திருந்தது. என்னப்பா, எப்படி மனசு மாறினாய் என்று கேட்டேன். கூட நின்ற வகுப்புக் கூட்டாளிகளைக் காட்டினான். "நீங்க சொன்னதுக்காக இல்லீங்க சார். இவனுக மூணு பேரும் தெனமும் சாயங்காலம் கம்பெனி வாசல்ல வந்து நின்னானுக. அங்க எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க, பேச ஆளே இல்ல. இவனுகளைப் பார்த்தா வந்துரலாம்னு தோணுச்சு" என்றான். பள்ளிக்கூடம் என்றால் பாடம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது முதலில் கூட்டாளிகள் என்பதை அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அந்த மூன்று பேரில் ஒருவனும் வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினவனில்லை. பத்து வாத்தியார்கள் சேர்ந்து செய்ய முடியாததை அவர்கள் செய்தார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் வகுப்பிலும் பத்து நாளாக வராத ஒரு பிள்ளை இருக்கும். வருகை எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டதும், "கம்பெனிக்குப் போறான் சார்" என்று யாராவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். இனிமேல் அப்படி உட்கார வேண்டாம். சாயங்காலம் நாலைந்து பேராக அவன் வீட்டுக்குப் போங்கள். வீட்டில் இல்லையென்றால் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்குப் போங்கள். புத்திமதி எதுவும் சொல்ல வேண்டாம், அதை நாங்கள் ஏற்கெனவே சொல்லியிருப்போம். கபடி டீமில் ஆள் குறைகிறது என்று சொல்லுங்கள். விட்டுப்போன பாடத்தின் நோட்டைக் கையில் கொடுங்கள். முதல் நாள் வராவிட்டால் மறுநாளும் போங்கள். பெண்பிள்ளை வீடாக இருந்தால் பெண்பிள்ளைகளே போங்கள், கூட டீச்சர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தவணையோ முன்பணமோ தடையாக இருப்பது தெரிந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அடிதடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் 1098-க்குப் போன் போடலாம். சேர்க்கை, தேர்வு, மறுபடி சேர்வது எப்படி என்ற விவரங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. வருஷக்கணக்கில் நின்றுபோனவர்களாக இருந்தாலும் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறை வகுப்புக்கு மட்டும் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அந்தத் தேதியைத்தான் பலர் தவற விடுகிறார்கள். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய் அவர்களிடம் சொல்லுங்கள்.